அறுபத்திரண்டா, அறுபத்தெட்டா

அக்காவுக்குக் கார் வாங்குவது என்று வீட்டில் முடிவான பிறகு, எந்தக் கார் என்பதில் ஒரு நாள்கூட விவாதம் நடக்கவில்லை. எந்த வருடத்துக் கார் என்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று.

எந்தக் கார் என்பதை அக்கா எட்டு வயதிலேயே முடிவு செய்திருந்தாள். இரண்டு வயதில் போலியோ வந்து அவளுடைய இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பிகளும் தோல் பட்டைகளும் வைத்த காலிபர் மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். முதல் காலிபருக்கு அளவெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்று டாக்டரின் கார் போர்ட்டிகோவில் நின்றிருந்ததாம். சிவப்பு நிறம், தாழ்வான உடம்பு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, இரண்டே கதவு. அளவெடுக்கும்போது அழாமல் இருந்ததற்கு அந்தக் கார்தான் காரணம் என்று அக்கா சொல்வாள்.

கோவையில் அந்தக் காரை ‘டூ டோர்’ என்றுதான் சொல்வார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்பவர்களும் உண்டு. மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் ஒரு காலத்தில் அதை எடுத்துக்கொண்டு ஊட்டி மலையில் பந்தயம் விட்டிருக்கிறார்கள். பொறியியல் படித்த பிறகு அதன் குதிரைத்திறனைத் தேடிப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. ஆனால் பானெட்டைத் திறக்கும்போது மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகக் கவிழும். அந்த அழகை இன்றைய கார் எதிலும் நான் பார்க்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் சொல்லும் அந்த வருடத்தில், அந்தக் கார் தயாரிப்பு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. பழைய வண்டிதான் தேட வேண்டும். வாங்கி, இடது காலால் கிளட்ச் மிதிக்காமலே ஓட்டும்படி அக்காவுக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும்.

அக்காவின் ஆசையை என் குறிப்பேட்டில் காரணமாக எழுதவில்லை. ‘கதவின் நீளம்’ என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. நாலு கதவுக் கார்களில் முன்கதவு குட்டை, நடுத்தூண் இடிக்கும். டூ டோரில் கதவு ஒரு கட்டிலின் பாதி நீளம் இருக்கும். காலிபர் போட்ட காலோடு ஏறுவதற்கு அது ஒன்றுதான் வழி என்று அப்பாவிடம் படம் வரைந்து காட்டினேன். அப்பா கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். படம் இருந்தால் எதையும் நம்புவார்.

அவசரம் இதுதான். அக்கா காரமடையில் புவியியல் ஆசிரியை. துடியலூரில் எங்கள் வீட்டுப் பக்கத்தில் பஸ் ஏறினால் பள்ளிக்கூட வாசலிலேயே இறங்கலாம். அந்த வருடம் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி உயர்வு வந்தது. ஆனால் புதுப் பள்ளிக்கூடம் காரமடையிலிருந்து மேற்கே ஏழு கிலோமீட்டர் உள்ளே, மலையடிவாரத்தில். அங்கே போகும் ஒரே காலை பஸ், பள்ளிக்கூட மணி அடித்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போகும். ஜூனில் சேர வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்தால் அதே வகுப்பு, அதே பஸ்.

அப்பா தினமும் ஸ்கூட்டரில் கொண்டு போய் விடுகிறேன் என்றார்.

“ஹெட்மாஸ்டரம்மாவை அவங்கப்பா கொண்டாந்து எறக்கி உட்டா, பசங்க நாளைக்கு என்னைய மதிப்பாங்களாப்பா?” என்று அக்கா சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள்.

சிரிப்புக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. பஸ் படி உயரம். கண்டக்டர்கள் நல்லவர்கள். “டீச்சர், கையைக் குடுங்க” என்று தூக்கிவிடுவார்கள். கண்டக்டர் இல்லாவிட்டால் பயணிகள். எட்டு வருடமாக, ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை இறக்கம். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள்: “எல்லாரும் இத்தனை நல்லவங்களா இருக்கறது எவ்வளவு சலிப்பா இருக்குது தெரியுமா கண்ணு?”

நான் அப்போது இயந்திரப் பொறியியல் முடித்து ஒரு பம்ப் கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தேன். எதையும் பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. கல்லூரிக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பதிலிருந்து, எந்தத் தோழியிடம் ஏன் கோபம் என்பது வரை நம்பர் போட்டு எழுதியிருக்கிறேன். கார் விஷயம் என்னிடம் வந்தபோது, முதல் முறையாக வீட்டில் ஒரு பெரிய முடிவை என் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்ற பெருமையில் புதுக் குறிப்பேடு வாங்கினேன்.

உதவிக்கு உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த பாய் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெக்கானிக் வேலை, டிங்கர் வேலை இரண்டும் தெரிந்தவர். வாய் மூடாது. அப்பாவை அண்ணா என்பார், என்னை இஞ்சினியரம்மா என்பார்.

“டூ டோர்னா மூணு மாடல்தானுங் பேச்சு,” என்றார் முதல் நாளே. “அறுபத்திரண்டு, அறுபத்தஞ்சு, அறுபத்தெட்டு. அறுபத்திரண்டு அழகுங். ஆனா கியர் பாக்ஸ் பொம்மை மாதிரி இத்தூணூண்டு. அறுபத்தஞ்சு நடுவாந்தரமுங். அறுபத்தெட்டு கடைசி மாடல். கியர் பாக்ஸ், கிளட்ச், சீட்டு, அல்லாமே பெருசு பண்ணிட்டாங்க. நெஜமான ஸ்போர்ட்ஸ் வண்டின்னா அதுதானுங்.”

“அப்ப அறுபத்தெட்டே பாத்துப்போடலாமே?” என்றார் அப்பா.

“மூணையும் பாத்துட்டு மார்க் போடலாங்ப்பா,” என்றேன் நான்.

ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வண்டி விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. நான் இருபது வரிகள் எழுதினேன். எஞ்சின், கியர் பாக்ஸ், கிளட்ச் தட்டின் விட்டம், பிரேக், பின் அச்சு, சேசிஸ் துரு, தரைத் தகடு, இருக்கை, உதிரி பாகம் கிடைக்குமா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். முக்கியமானதை இரண்டால் பெருக்குவது. பாயின் ஜீப்பில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். அப்பா முன்னால், நான் பின்னால் டயரோடு டயராக. அக்கா வரவில்லை. வருகிறாயா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. இதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

முதலில் சென்னிமலை. பெட்ஷீட் வியாபாரி ஒருவரின் குடோனில் அறுபத்திரண்டு நின்றிருந்தது. வெளிர் நீலம். தார்ப்பாயை எடுத்தால் உள்ளே இருக்கை தெரியாமல் பெட்ஷீட் கட்டுகள். சுற்றிலும் எந்தத் திசையில் காதைத் திருப்பினாலும் தறிச் சத்தம்.

“ஏனுங் அம்மணி, நீங்கதான் மெக்கானிக்குங்களா?” என்று வியாபாரி என்னைக் கேட்டார்.

“அவங்க இஞ்சினியருங்க. மெக்கானிக்கு நானுங்க. கை அழுக்கா இருக்கறவன் மெக்கானிக்குனு கண்டுபிடிச்சுக்கோணுமுங்,” என்றார் பாய்.

“வண்டி எப்படிங்க ஓடும்?” என்றேன்.

“ஓடறதுக்கு ஓடுமுங். வெசையாத்தான் ஓடாதுங்.”

உண்மையைச் சொல்லி விற்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். அவர் வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. சந்தகையும் தேங்காய்ப்பாலும். அந்தச் சந்தகையின் மென்மை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும் சென்னையில் இடியாப்பம் என்று தருகிறார்கள், அது வேறு. சாப்பாட்டுக்காக மார்க் போட முடியாது என்பதால் அறுபத்திரண்டுக்கு நாற்பத்தொரு சதவீதம்தான் வந்தது. தரைத் தகட்டில் துரு, முதல் கியர் கரகரக்கிறது, பிரேக் பழைய வகை, இருக்கை பள்ளிக்கூட பெஞ்சு போலத் தட்டை.

அடுத்தது கொடுமுடி, அரிசி ஆலை ஒன்றில் அறுபத்தைந்து. ஆர்.சி. புத்தகத்தில் அறுபத்தைந்து என்று இருந்தது. சேசிஸ் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் வேறு வருடம், பானெட் இன்னொரு வருடம். பாய் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் தட்டினார்.

“இது மூணு வண்டிங்ணா,” என்றார் அப்பாவிடம். “மூணுமே செத்துப்போச்சுங்.”

அன்றைக்குக் கொடுமுடியில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

மூன்றாவது ஞாயிறு உள்ளூர்தான், ரேஸ்கோர்ஸ் பக்கம். பெரிய வீடு, போர்ட்டிகோ. கரும்பச்சை அறுபத்தெட்டு. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. பெரிய கிளட்ச், பெரிய கியர் பாக்ஸ். இருக்கையின் இரண்டு ஓரங்களையும் மேடாக்கியிருந்தார்கள், மலை வளைவுகளில் உடம்பு நழுவாமல் இருக்க. நான் உட்கார்ந்து பார்த்தேன். யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. இருக்கைக்குப் பத்துக்குப் பத்து. மொத்தம் எண்பத்தேழு சதவீதம். அடுத்த வாரம் வந்து முடித்துக்கொள்கிறோம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டு ஆண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பாலக்காட்டுக் காற்று தாள்களைத் தூக்கியது. ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஸ்பேனரை வைத்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து இருபது வரிகளையும் வாசித்தேன். அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்கற,” என்றாள். “இதுல என்ற காலு எத்தனாவது?”

“கதவு நீளம் இருக்குதேக்கா. ரெண்டாவது.”

“அது கதவு. காலு எத்தனாவது?”

நான் தாளைப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன்.

“நீங்க யாராச்சும் நான் உக்காந்து பாக்கோணும்னு நெனச்சீங்களா?”

அப்பா ஈஸி சேரிலிருந்து மெதுவாகச் சொன்னார். “அடுத்தவங்க ஊட்டு வாசல்ல நின்னு, நாலு பேரு பாக்க நீ எதுக்குங் கண்ணு ஏறி எறங்கிட்டு... ஊட்டுக்கு வண்டி வந்த பொறகு பாத்துக்கலாமுன்னுதான்.”

அவர் சொல்லாமல் விட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவைப் பெண் பார்க்க நாலு வீட்டார் வந்து போயிருந்தார்கள். நாலு முறையும் அவளை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். “சும்மா அப்புடி ஒரு எட்டு நடந்து காட்டச் சொல்லுங்களே.” காப்பி குடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று போனார்கள். ஒரு கடிதமும் வரவில்லை. நாலாவது வீட்டாருக்குப் பிறகு, அக்காவை யார் முன்னாலும் நடக்க வைக்கும்படியான எந்தக் காரியத்தையும் நாங்கள் செய்வதில்லை. கல்யாண வீடுகளில்கூட முதலிலேயே போய் ஓரமாக உட்கார வைத்துவிடுவோம். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை, தானாகவே வழக்கமாகிவிட்டது. நானும் அதில் சேர்த்தி. பத்து வருடம் கணக்கும் இயற்பியலும் படித்தவள், காரை ஓட்டப் போகிறவளை அளக்காமல் காரை மட்டும் அளந்துவிட்டு வந்திருந்தேன்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். “நாலு கூட்டம் வந்து என்னைய நடக்கச் சொல்லிப் பாத்துட்டுப் போனாங்கல்லொப்பா? இந்தத் தடவை நானு பாக்கப் போறேன். வண்டிதான் நடந்து காட்டோணும்.”

அம்மா சமையலறையிலிருந்து, “அப்ப வெறுங்கையோட போகாதீங்க, பூப்பழம் வாங்கிட்டுப் போங்க,” என்று குரல் கொடுத்தாள்.

மறுவாரம் நாலு பேரும் ரேஸ்கோர்ஸ் வீட்டுக்குப் போனோம். ஜீப்பிலிருந்து அக்கா பின்பக்கமாக இறங்கினாள், நானும் பாயும் பிடித்துக்கொண்டோம். வீட்டுக்காரர், அவருடைய அம்மா, டிரைவர் மூவரும் போர்ட்டிகோவில் நின்றிருந்தார்கள். அக்காவின் நடையைப் பார்த்ததும் மூவருடைய கண்ணும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் போயிற்று. வீட்டுக்காரர் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம், “உங்க பக்கம் மழை எப்புடிங்?” என்று கேட்டார். சித்திரை மாதம். எங்கள் பக்கம் மழை கிடையாது, அவர் பக்கமும் கிடையாது.

அக்கா டிரைவரிடம், “ஒரு எட்டு நடந்து காட்டச் சொல்லுங்க பாப்போம்,” என்றாள்.

டிரைவர் விழித்தார்.

“வண்டியத்தானுங்க.”

அவர் சிரித்துக்கொண்டு ஏறி, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார்.

“நடை நல்லாருக்குதுங். பாட்டுப் பாடுமுங்களா?” என்றாள் அக்கா.

டிரைவர் ஹாரனை அடித்தார். வீட்டுக்காரரின் அம்மாவே சிரித்துவிட்டார். அந்த ஒரு நிமிடம் எல்லோரும் அக்காவை நேராகப் பார்த்தார்கள்.

பிறகு அவள் ஏறினாள். கால்கள் வெளியே இருக்க, காருக்கு முதுகைக் காட்டி இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். முழங்காலில் காலிபர் பூட்டை விடுவித்தாள், டிக்கென்று சத்தம் வந்தது. சேலைக்கு மேலாகவே தொடைப் பட்டையைப் பிடித்து இடது காலைத் தூக்கி உள்ளே போட்டாள். பாதி வழியில் நின்றுவிட்டது. பத்துக்குப் பத்து மார்க் வாங்கிய இருக்கை ஓரத்தின் மேட்டில் காலிபரின் மேல் வளையம் மாட்டிக்கொண்டது. விடுவித்து மறுபடி தூக்கினாள். இந்த முறை கால் உள்ளே போயிற்று, ஆனால் வைக்க இடமில்லை. ஓட்டுநருக்கு இடது பக்கம், நடுவில், கியர் பாக்ஸை மூடியிருக்கும் தகட்டு மேடு அகலமாக வீங்கியிருந்தது. காலிபரோடு பிணைந்த பூட்ஸ் அதில் மோதிச் சறுக்கிப் போய் பிரேக் பெடலுக்கு அடியில் நின்றது.

“சீட்டை மாத்திப்போடலாங்க்கா,” என்றேன். “கிளட்ச் பெடலை எப்படியும் எடுத்துருவோம், அந்த எடம் கெடைக்கும்.”

பாய் குனிந்து கையை விட்டு அளந்தார். “பெடலை எடுத்தாலும் நாலு விரக்கடைதானுங் வரும். இந்த பூட்ஸுக்கு ஆறு வேணும்.”

“அந்த மேட்டைத் தட்டி அமுக்குனா?”

“தட்டலாமுங். உள்ளார கியர் பாக்ஸு இருக்குதே, அதைய எங்க வெக்கறது, உங்க மடியிலயா?”

மூன்றாவது தடவையும் அக்கா முயன்றாள். நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை. அதற்குள் வீட்டுக்காரர்கள் மூவரும் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள். டிரைவர் ஏற்கெனவே துடைத்து முடித்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். அவர்கள் பார்த்திருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. நான் தோளைப் பிடிக்கப் போனேன், அக்கா தலையை அசைத்து வேண்டாம் என்றாள். தானே காலை எடுத்து வெளியே போட்டு, பூட்டைப் போட்டு, கதவின் மேல் விளிம்பைப் பிடித்து எழுந்தாள்.

“ரொம்ப அழகான வண்டிங்க,” என்றாள் அந்த அம்மாவிடம். “ஊருக்குப் போயி லெட்டர் போடறமுங்க.”

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. ஜீப்பில் போகும்போது அவர் முகத்தைத் திருப்பி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்றிரவு என் இருபது வரிகளையும் கிழிக்காமல், வேறு விதமாகப் பிரித்து எழுதினேன். இடது பக்கம், கோவையில் ஏதாவது ஒரு பட்டறையில் மாற்றிவிடக்கூடியவை. வலது பக்கம், எந்தப் பட்டறையிலும் மாற்ற முடியாதவை. பிரேக், துரு, இருக்கை, தரைத் தகடு எல்லாம் இடது பக்கம் போயின. பத்தொன்பது வரிகள் அங்கே சேர்ந்தன. வலது பக்கம் மிஞ்சியது கதவின் அளவு ஒன்றுதான். அதன் கீழே, பட்டியலிலேயே இல்லாத நடு மேட்டின் அகலத்தைப் புதிதாகச் சேர்த்தேன். அறுபத்தெட்டுக்கு நான் வாரி வழங்கிய மார்க் பெரும்பாலும் இடது பக்கத்தில் கிடந்தது.

மீண்டும் சென்னிமலை. வியாபாரி பெட்ஷீட் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, இருக்கையைத் துண்டால் தட்டினார். அவர் வேறு பக்கம் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா உட்கார்ந்தாள். பெஞ்சு போன்ற அந்தத் தட்டை இருக்கையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனாள். காலைத் தூக்கிப் போட்டாள்.

“எட்டுதுங்களா டீச்சர்?” என்றார் வியாபாரி. “இன்னுங் கொஞ்சம் அக்கட்டால தள்ளுங். அங்க எடமிருக்குதுங் பாருங்.”

பொம்மை கியர் பாக்ஸ் என்று பாய் சொன்னதை மூடியிருந்த மேடு முழங்கை அகலம்கூட இல்லை. அக்காவின் பூட்ஸ் அதன் ஓரமாகப் போய் வாகாக உட்கார்ந்தது. பிரேக்குக்கும் அதற்கும் நடுவில் என் உள்ளங்கை வைக்க இடமிருந்தது. வைத்தும் பார்த்தேன். அக்கா கதவைச் சாத்தினாள். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு, எதிரே குடோன் சுவரைப் பார்த்தாள்.

“இதுதாம்ப்பா,” என்றாள்.

“கியர் பாக்ஸு பொம்மைன்னாரே பாயி?” என்றார் அப்பா.

“பொம்மையை நான் பாத்துக்கறேனுங்ணா,” என்றார் பாய். “டீச்சர் என்ன, பந்தயமா உடப் போறாங்க?”

“உட மாட்டேன்னு யாரு சொன்னா?” என்றாள் அக்கா உள்ளே இருந்து.

மே மாதம் முழுவதும் வேலை நடந்தது. எனக்கு அந்த மாதத்தைப் போல இன்னொரு மாதம் அமையவில்லை. கம்பெனி விட்டதும் சைக்கிளில் நேராக உக்கடம். வெல்டிங் வாசனையும், பக்கத்துக் கடையின் தேங்காய் பன்னும், குளத்துக் காற்றும். கிளட்சைக் காலுக்குப் பதில் கையால் அழுத்தும்படி மாற்ற வேண்டும். கியரையும் அதே இடது கை போட வேண்டும். நான் மூன்று படம் வரைந்தேன், மூன்றும் சிக்கல். ஒரு நாள் பட்டறைக்கு வந்திருந்த அக்கா, அப்பாவின் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டே, “இதுல கிளட்சும் கியரும் ஒரே கையிலதானே இருக்குது?” என்றாள். அதுதான் வழி. ஸ்கூட்டர் கைப்பிடியின் கிளட்ச் லீவரை கியர் கம்பியின் தலையில் வைத்து, அங்கிருந்து கேபிள். முதல் கேபிள் அறுந்தது. இரண்டாவதற்குத் தடிமன் கூட்டினோம். அப்பா லேத்தில் நீளமான லீவர் ஒன்றைத் தானே கடைந்து, அக்காவின் விரல் அளவுக்குப் பள்ளம் வைத்துக் கொடுத்தார்.

மார்க்கெட்டில் கொக்கித் தராசு வாங்கி, கிளட்சை அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்று இழுத்துப் பார்த்தேன். அறுபத்திரண்டின் கிளட்ச் சிறியது என்பதால் ஸ்பிரிங்குகளும் மெலிவு. கையால் பிடிக்க முடிந்தது. பட்டறைக்கு வேறு வேலையாக வந்திருந்த இன்னொருவரின் அறுபத்தெட்டையும் கெஞ்சிக் கேட்டு இழுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை வாங்கியிருந்தால் ஒரு நாளைக்கு நூறு தடவை அக்காவின் விரல்கள் அந்தப் பலத்தை இழுத்திருக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைத்தேன்.

மூடிக்கிடந்த ஒரு மில்லின் பின்ரோட்டில் பாய் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முதல் கியருக்கு மட்டும் வண்டி முழுதாக நின்றாக வேண்டும், இல்லையென்றால் கரகரவென்று பல் கடிக்கும்.

“டீச்சர், அம்மிக்கல்லைக் கட்டி இழுக்கற மாதிரி ஓட்டறீங்.”

“கிளாஸ் நடக்கும்போது பேசக்கூடாதுங் பாய்.”

“கிளாஸ் எடுக்கறவனே நாந்தானுங்களே!”

லைசென்ஸ் அலுவலகத்தில் அதிகாரி காரை இரண்டு முறை சுற்றி வந்தார். லீவரைப் பிடித்துப் பார்த்தார். அக்கா ரிவர்ஸில் எட்டுப் போட்டுக் காட்டினாள். அவர் ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, “எங்க சித்தப்பா பொண்ணு ஒருத்தி இருக்குதுங்,” என்று ஆரம்பித்துப் பாயின் பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்.

ஜூனில் அக்கா தலைமையாசிரியையாகச் சேர்ந்தாள். முதல் வாரம் முழுவதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும் என்பது வீட்டில் ஏற்பாடு. கம்பெனியில் லீவு சொல்லியிருந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் அப்போது இரண்டு பக்கமும் புளியமரங்கள் இருந்தன. காலை ஏழரைக்கு அந்த நிழலுக்குள் போவது குளத்துக்குள் இறங்குவது போல இருக்கும். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் எதையாவது சொல்லிக்கொண்டே போனேன். இடது பக்கம் சைக்கிள். முன்னால் லாரி. கியர் மாற்று. அக்கா தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காரமடைக்குள் நுழைந்ததும் பஸ் ஸ்டாப்பில் ஓரமாக நிறுத்தினாள்.

“எறங்கு,” என்றாள்.

“எதுக்குக்கா?”

“துடியலூர் பஸ் அந்தப் பக்கம் நிக்கும். வேலைக்குப் போ.”

“ரயில்வே கேட்டுக்கிட்ட ஏத்தம் இருக்குது. அங்க நின்னுட்டா மொதல் கியருல...”

“தெரியும்.”

“அஞ்சாவது கிலோமீட்டர்ல பாலம். மழை பெஞ்சிருந்தா...”

“கண்ணு,” என்றாள். “நீ எறங்குனாத்தான் நான் போவேன்.”

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போ என்றாள். அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு, நான் கதவைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள். நான் இறங்கினேன். நீளமான கதவு, சாத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் என்னிடம் வந்து, “ஏனுங் அம்மணி, டீச்சர் தனியாவா போறாங்க? நான் வேணா கூடப் போயி...” என்று தொடங்கினார்.

“வேண்டாமுங்க,” என்றேன். “அவங்க போயிக்குவாங்க.”

அக்கா லீவரைப் பிடித்தாள். முதல் கியர் ஒரு முறை கரகரத்தது. அவள் விட்டுவிட்டு, நிதானமாக மறுபடி போட்டாள். வெளிர் நீலக் கார் கிளம்பி, ஒரு மாட்டு வண்டியைத் தாண்டி, மலைப் பக்கம் போகும் ரோட்டில் திரும்பியது. திரும்பி முடித்த இடத்தில் எஞ்சின் சத்தம் ஒரு நொடி தணிந்தது. இரண்டாவது கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். துடியலூர் பஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று.